அறுந்தது வெளியே கேபிள், மறைந்தது உள்ளே வட்டு: சேமிப்பக வலையமைப்பு எப்படி இயங்குகிறது?

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. காலை 11.40 மணி வாக்கில் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது பிற்பகல் 3.45. அன்று மட்டும் மாலை 5 மணி வரை சந்தை நேரத்தை நீட்டித்தார்கள். அடுத்த மாதம் சந்தை நிர்வாகம் வெளியிட்ட விளக்கத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பெற்றிருந்த இணைப்புகளில் கோளாறு ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து, சேமிப்பக வலையமைப்பு எதிர்பாராத விதத்தில் நடந்துகொண்டு, முதன்மை மையத்திலிருந்த சர்வர்களுக்கே தரவு எட்டாமல் போனது. இடர் மேலாண்மை மென்பொருள் முடங்கியது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்த வழியில்லை.

செய்தியைப் படித்த பலருக்கு இங்கேதான் இடறியது. கேபிள் பாதிக்கப்பட்டது கட்டடத்துக்கு வெளியே. தரவு இருந்த வட்டுகளோ அதே மையத்துக்குள், சர்வர்களுக்குப் பக்கத்தில். வெளியே போன இணைப்பு உள்ளே இருந்த வட்டை எப்படி மறைத்தது?

இதற்கு விடை தேடினால் 'சான்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சேமிப்பக வலையமைப்பின் அடிப்படைகள் அனைத்தையும் தொட்டுவிட்டுத்தான் வர முடியும். இந்தத் துறையில் புதிதாக நுழைபவருக்கும் அதே பாதைதான் நல்லது. பெரும்பாலும் முதல் நாளே ஏதாவதொரு நிறுவனத்தின் கொழுத்த கையேட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எந்தத் திரையில் எந்தப் பொத்தான் என்று அதில் இருக்கும். அந்தப் பொத்தான் எதற்காகப் பிறந்தது என்பது இருக்காது.

எதற்காக என்பதை ஒரே வரியில் சொல்லலாம். இந்தத் துறை முழுவதும் ஒரு பொய்யின்மேல் நிற்கிறது: வட்டு எங்கோ இருக்கிறது, ஆனால் அது தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாகச் சர்வர் நம்ப வேண்டும். இனி வரும் ஒவ்வொரு கருவியும், ஒவ்வொரு விதியும் அந்தப் பொய்யைக் காப்பாற்றும் ஏற்பாடு.

வட்டு வெளியேறிய கதை

1986இல் 'ஸ்கஸி' என்ற தரநிலை அமெரிக்காவில் அதிகாரபூர்வமானது. கணினி வட்டிடம் எந்தக் கட்டளையை எந்த வடிவில் கேட்க வேண்டும், வட்டு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அது வரையறுத்தது. கேபிள் பட்டையாக, தடிமனாக இருக்கும். சாதாரண வகையில் அதிகபட்ச நீளம் 6 மீட்டர். ஒரே கேபிளில் எட்டு முகவரிகள். அதில் ஒன்று கணினிக்கே போய்விடும்.

ஓர் அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள் இருந்தவரை இது போதும். இருபது வந்தபோது தலைவலி தொடங்கியது. ஒரு சர்வரில் வட்டு நிரம்பி வழியும். பக்கத்துச் சர்வரில் பாதி காலியாகக் கிடக்கும். இதிலிருந்து அதற்குக் கடன் கொடுக்க வழியில்லை. சர்வரின் மின்பலகை எரிந்தால், நன்றாக இருக்கும் வட்டும் அதனோடு சிறைப்பட்டுவிடும். ஒவ்வொரு இரவும் இருபது பெட்டிகளுக்கும் தனித்தனியாகக் காப்புப்படி எடுக்க வேண்டும்.

1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர், மலிவான பல சிறு வட்டுகளைக் கூட்டணியாக்கினால் விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டைவிட வேகமும் நம்பகத்தன்மையும் பெறலாம் என்று காட்டினார்கள். அதுதான் 'ரெய்டு'. வட்டுகளை ஒரே அலமாரியில் திரட்டி, அவற்றை ஆளும் ஒரு கட்டுப்பாட்டுக் கணினியையும் வைத்தால் அதுவே 'ஸ்டோரேஜ் அரே'. இனி மீதமிருந்தது ஒன்று: பல சர்வர்களை அந்த அலமாரியோடு இணைக்கும் நீளமான, கிளை பிரியக்கூடிய கம்பி. 1994இல் தரநிலையான ஃபைபர் சேனல் அந்த இடத்தை நிரப்பியது. உள்ளே ஓடியவை அதே ஸ்கஸி கட்டளைகள்.

மனையா, விடுதி அறையா?

தொடக்கநிலையாளர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. இதைத் தாண்டாமல் மேலே போனால் எல்லாம் குழம்பும்.

பிளாக் சேமிப்பகம் என்பது காலி மனையைக் கையில் கொடுப்பது போன்றது. எல்லை குறித்து, ஓர் எண் கொடுத்து, "இது உன் இடம்" என்று விட்டுவிடுவார்கள். அங்கே எந்தக் கோப்பு முறையில், அதாவது கோப்புகளை அடுக்கும் எந்த ஒழுங்கில், வீடு கட்டுவது என்பது சர்வரின் பொறுப்பு. அந்த வீட்டுக்குள் எத்தனை அறைகள் இருக்கின்றன என்றே சேமிப்பகத்துக்குத் தெரியாது. "4,096ஆவது கட்டத்தைப் படி", "9,000ஆவது கட்டத்தில் எழுது" என்ற அளவில்தான் பேச்சு. அந்த மனைக்கு 'லன்' என்று பெயர். சொல்லின்படி அது மனையின் எண்ணைத்தான் குறிக்கும். பேச்சுவழக்கில் மனையையே லன் என்கிறார்கள்.

ஃபைல் சேமிப்பகம் விடுதி அறை. மேலாளர் ஒருவர் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார். எந்த அறையில் யார், சாவி யாரிடம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சர்வர் கேட்பது "சம்பளப் பட்டியல் என்ற கோப்பைக் கொடு" என்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்த என்எஃப்எஸ்ஸும், விண்டோஸ் உலகின் எஸ்எம்பியும் இந்த வகை. இதற்கான பெட்டிக்கு 'நாஸ்' என்று பெயர்.

நடைமுறையில் இந்த வேறுபாடு எங்கே கடிக்கும்? ஒரே விடுதியில் நூறு பேர் தங்கலாம், மேலாளர் பார்த்துக்கொள்வார். ஒரே மனையில் இரண்டு கொத்தனார்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? ஒரே லன்னை இரண்டு சர்வர்களுக்குக் காட்டி, இரண்டும் சாதாரணக் கோப்பு முறையோடு அதில் எழுதினால் அதுதான் ஆகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. சில மணி நேரம் எல்லாம் சரியாகத் தெரியும். பிறகு கோப்புகள் குப்பையாகத் திறக்கும். இரண்டு சர்வர்கள் பகிர வேண்டுமானால், அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வகையில் வடிவமைத்த 'கிளஸ்டர்' கோப்பு முறை வேண்டும்.

மூன்றாவதாக ஆப்ஜெக்ட் சேமிப்பகமும் உண்டு. அமேசான் 2006இல் தொடங்கிய எஸ்3 சேவை அதன் புகழ்பெற்ற வடிவம். படங்கள், காணொளிகள், காப்புப்படிகளுக்கு ஏற்றது. அது மேலே சொன்ன பொய்யைச் சொல்வதே இல்லை. தொலைவில் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, இணைய முகவரி வழியே பேசுகிறது. அதனால் இங்கே அதை விட்டுவிடலாம்.

டோக்கன் இல்லாமல் நகராது: ஃபைபர் சேனலின் குணம்

வழக்கமான அலுவலக வலையமைப்பான ஈதர்நெட்டில் கேபிள்களை இணைத்துத் தரவைப் பிரித்தனுப்பும் பெட்டியான ஸ்விட்ச் திணறினால், வந்த தரவுப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். அது குற்றமாகாது. மேலே இருக்கும் டிசிபி என்ற அடுக்கு கவனித்து மீண்டும் அனுப்பும். இணையப் பக்கம் சிறிது தாமதமாகத் திறக்கும், அவ்வளவே.

வட்டுக்கு இந்தத் தாராளம் ஒத்துவராது. பெட்டிக்குள் இருந்த கேபிளில் தரவு தொலைந்துபோவது அபூர்வம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை ஸ்கஸி கட்டளைகள். ஒன்று தொலைந்தால் சர்வர் உடனே மறுபடி கேட்காது. பதில் வரும் என்று காத்திருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பான காத்திருப்பு 30 விநாடி. வங்கி மென்பொருள் ஒன்று 30 விநாடி மூச்சை அடக்கி நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஆகவே ஃபைபர் சேனலை வடிவமைத்தவர்கள் தரவைக் கீழே போடுவதையே தவிர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இணைப்பு ஏற்படும்போதே, "என்னிடம் இத்தனை பொட்டலங்களுக்கு இடம் இருக்கிறது" என்று ஒவ்வொரு முனையும் எதிர்முனைக்குச் சொல்லும். அது டோக்கன் கணக்கு. ஒரு பொட்டலம் அனுப்பினால் ஒரு டோக்கன் குறையும். எதிர்முனை அந்த இடத்தைக் காலிசெய்ததும் "தயார்" என்ற சிறு குறியீட்டை அனுப்பி டோக்கனைத் திருப்பித் தரும். கணக்கு பூஜ்யமானால் அனுப்புபவர் நிற்க வேண்டியதுதான். நியாயவிலைக் கடையில் டோக்கன் வாங்கியவருக்குச் சரக்கு உறுதி. வாங்காதவர் வீட்டிலேயே காத்திருக்கலாம்.

இந்த எளிய ஏற்பாட்டிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. கையேடுகள் இவற்றை வெவ்வேறு அத்தியாயங்களில் சொல்வதால் ஒரே வேரென்பது தெரிவதில்லை.

1. தொலைவு கூடினால் டோக்கனும் கூட வேண்டும். ஒளி கண்ணாடி இழைக்குள் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோவிநாடி எடுக்கும். போன பொட்டலத்துக்கு டோக்கன் திரும்பி வருவதற்குள் அடுத்தடுத்த பொட்டலங்களை அனுப்பக் கையிருப்பு வேண்டும். முழு அளவுப் பொட்டலங்களுக்கு நடைமுறைக் கணக்கு இது: கிலோமீட்டரை ஜிகாபிட் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 8 ஜிகாபிட் வேகத்தில் 50 கிலோமீட்டருக்கு 200 டோக்கன்கள். குறைந்தால் பிழை எதுவும் வராது. வேகம் மட்டும் காரணம் சொல்லாமல் படுத்துவிடும்.

2. ஒரு மந்தமான சர்வர் ஊரையே நிறுத்தும். தனக்கு வந்த தரவை மெதுவாக வாங்கும் சர்வர், டோக்கனையும் மெதுவாகத்தான் திருப்பித் தரும். அதற்குப் போக வேண்டிய பொட்டலங்கள் ஸ்விட்சில் தேங்கும். ஸ்விட்சின் இடம் நிரம்பினால், அதுவும் தனக்கு அனுப்புபவருக்கு டோக்கன் தராமல் நிறுத்தும். ஒற்றைப் பாலத்தில் பழுதான லாரி நின்றால் பின்னால் வரும் ஆம்புலன்ஸும் நிற்பதுபோல, சம்பந்தமே இல்லாத சர்வர்களும் மெதுவாகும். இதற்கு 'ஸ்லோ டிரெய்ன்' என்று பெயர். புகார் கொடுப்பவர் ஒருவர், குற்றவாளி வேறொருவர் என்பதால், இந்தத் துறையில் துப்பறியவே கடினமான சிக்கல் இதுதான்.

3. தூசிக்குப் பெரிய விலை. பொட்டலம் நெரிசலால் சாதாரணமாகத் தொலையாது. ஆனால் கண்ணாடி இழையின் முனையில் அழுக்கு இருந்தால் பிட்டுகள் சிதையும், சிதைந்த பொட்டலம் தூக்கியெறியப்படும். தொலைந்த ஒரு பொட்டலத்தை மட்டும் மீண்டும் அனுப்பும் வழக்கம் இங்கே பெரும்பாலும் இல்லை. கட்டளை முழுவதும் காலக்கெடு முடிந்து தோற்று, மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். அனுபவசாலிகள் மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் இணைப்பியின் முனையைத் துடைப்பது இதனால்தான்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1 ஜிகாபிட்டில் தொடங்கி 2, 4, 8, 16, 32, 64 என இரட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. புதிய கருவி பழைய கருவியோடு இரண்டு தலைமுறை வரை இறங்கிப் பேசும் என்பது நினைவில் இருந்தால் போதும்.

ஒரு சர்வர் தன் வட்டைக் கண்டுபிடிக்கும் விதம்

சர்வரில் ஃபைபர் சேனலுக்கென ஒரு தனி அட்டை செருகப்படும், 'எச்பிஏ' என்பார்கள். அதில் கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு நிரந்தர அடையாள எண் உண்டு. 64 பிட் நீளம், பதினாறு குறியீடுகளாக எழுதப்படும். 'டபிள்யூடபிள்யூஎன்' என்ற அந்த எண்ணைப் பிறப்புச் சான்றிதழ் எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். சேமிப்பகத்தின் துளைகளுக்கும் அப்படியே. ஒன்றோடொன்று இணைந்த ஸ்விட்சுகளின் கூட்டத்துக்கு 'ஃபேப்ரிக்' என்று பெயர்.

மின்சாரம் போட்டதும் நடப்பவை வரிசைப்படி இவை:

1. எச்பிஏ ஸ்விட்சிடம் பதிந்துகொள்கிறது. ஸ்விட்ச் அதற்கு 24 பிட் தற்காலிக முகவரி ஒன்றைத் தருகிறது. எந்த ஸ்விட்ச், எந்தத் துளை என்பது அந்த முகவரியிலேயே பொதிந்திருக்கும்.
2. ஃபேப்ரிக்கில் உள்ள பெயர்ப் பதிவேட்டில் எச்பிஏ தன் நிரந்தர எண்ணையும் புதிய முகவரியையும் எழுதுகிறது.
3. "நான் பேசக்கூடிய சேமிப்பகங்கள் யார் யார்?" என்று பதிவேட்டைக் கேட்கிறது. அனுமதி உள்ளவற்றின் பெயர்கள் மட்டும் பதிலாக வருகின்றன.
4. அந்தச் சேமிப்பகத் துளையோடு நேரடியாக அறிமுகமாகி, இருவரும் ஸ்கஸி மொழியில் பேசப்போவதாக ஒப்புக்கொள்கிறார்கள்.
5. "எனக்கென்று என்னென்ன லன்கள் இருக்கின்றன?" என்று கேட்கிறது. வரும் பட்டியல்தான் இயங்குதளத்தில் வட்டுகளாகத் தெரிகிறது.

வட்டு தெரியவில்லை என்று புகார் வந்தால் இந்த ஐந்தில் எந்தப் படியில் நின்றது என்று பார்த்தால் போதும். ஐந்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவருக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

மூன்றாம் படியில் வரும் அனுமதிதான் 'ஸோனிங்'. அது ஸ்விட்சில் போடும் பூட்டு: இந்த எச்பிஏ இந்தச் சேமிப்பகத் துளையை மட்டும் பார்க்கலாம். ஐந்தாம் படியில் வருவது 'லன் மாஸ்கிங்', சேமிப்பகத்தில் போடும் பூட்டு: இந்த எச்பிஏவுக்கு இந்த லன்கள் மட்டும். ஒன்று தெருமுனைக் கேட். மற்றது வீட்டுக் கதவு. இரண்டும் எதற்கு என்று புதியவர்கள் கேட்பது இயல்பு. சர்வர் தன் கண்ணில் பட்ட வட்டுகளையெல்லாம் தன்னுடையது என்றுதான் நினைக்கும். அது பொய்யை நம்பும் ஜீவன் அல்லவா? பழைய விண்டோஸ் சர்வர்களில், புதிதாகத் தெரியும் எந்த வட்டிலும் தன் கையொப்பத்தை எழுதிவிடும் பழக்கம் இருந்தது. அது பக்கத்து யூனிக்ஸ் சர்வரின் வட்டாக இருந்தால் அந்தத் தரவுக்கு அத்தோடு விடை. ஒரு ஸோனில் ஓர் எச்பிஏ துளை மட்டும் இருக்க வேண்டும் என்ற நடைமுறை விதி அந்தக் காலத் தழும்புகளிலிருந்து வந்தது. அலுப்பான வேலைதான், நூறு சர்வருக்கு நூறு ஸோன் எழுத வேண்டும். எழுதிவிடுவதே மேல்.

எல்லாம் இரண்டு

ஒழுங்காகக் கட்டிய தரவு மையத்தில் ஒரு ஃபேப்ரிக் இருக்காது; ஏ, பி என இரண்டு இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு கேபிள்கூட இருக்கக்கூடாது. ஏ பக்கத்தில் யாராவது ஸோன் பட்டியலைத் தவறாக அழித்துவிட்டால் அந்தத் தவறு பி பக்கத்துக்குப் பரவ வழியே இருக்கக்கூடாது என்பது காரணம். கருவி பழுதாவதைவிட மனிதர் தவறு செய்வதே அதிகம் என்று இந்தத் துறை வெட்கமின்றி ஒப்புக்கொண்ட இடம் இது.

சர்வரில் இரண்டு எச்பிஏ துளைகள், ஒவ்வொரு பக்கத்திலும் சேமிப்பகத்தின் இரண்டு துளைகள் என்று வைத்தால் ஒரே லன்னுக்கு நான்கு பாதைகள். இயங்குதளத்துக்கு இது தெரியாது. நான்கு தனித்தனி வட்டுகள் வந்ததாக நினைத்துக்கொள்ளும். லினக்ஸ் என்றால் எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று நான்கு பெயர்களும் வைத்துவிடும். 'மல்டிபாத்' என்ற மென்பொருள் லன்னின் உள் அடையாள எண்ணைப் படித்து, நான்கும் ஒன்றே எனக் கண்டுபிடித்து, ஒரே பெயரில் கட்டிவைக்கிறது. ஒரு பாதை போனால் அடுத்ததற்கு மாற்றுகிறது.

இங்கே ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும்: நான்கு பாதைகளும் போய்விட்டால் சர்வர் என்ன செய்ய வேண்டும்? பாதை திரும்பும் வரை எல்லாப் பதிவுகளையும் நிறுத்திவைத்துக் காத்திருக்கலாம். தரவு பிழைக்கும், பயன்பாடு உறைந்துபோகும். உடனே பிழை என்று சொல்லிவிடலாம். லினக்ஸின் கோப்பு முறை தன்னைப் படிக்க மட்டும் என்ற நிலைக்குச் சுருக்கிக்கொள்ளக்கூடும், தரவுத்தளம் விழும், ஆனால் மாற்றுச் சர்வர் உடனே பொறுப்பேற்கலாம். இரண்டுமே சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு. நிறுவிய நாளில் யாரும் யோசிக்காமல் விட்ட இயல்பு மதிப்புதான் விபத்து நாளில் முடிவெடுக்கிறது.

இரண்டு மையங்கள், ஒரே வட்டு

பொய் இங்கே இன்னும் துணிச்சலாகிறது. இரண்டு கட்டடங்களில் இருக்கும் இரண்டு சேமிப்பகங்களை ஒரே வட்டாகச் சர்வரிடம் காட்டலாம்.

ஒத்திசைந்த நகலெடுப்பில், சர்வர் எழுதியது இரண்டு இடங்களிலும் பதிந்த பிறகே "முடிந்தது" என்ற பதில் வரும். எந்தக் கணத்தில் ஒரு மையம் எரிந்தாலும் இழப்பு பூஜ்யம். விலை, தாமதம். 20 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர 0.2 மில்லிவிநாடி, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்கஸியின் வழக்கமான எழுதும் முறையில் "எழுதட்டுமா?", "எழுது", தரவு, "முடிந்தது" என இரண்டு முறை போய்வர வேண்டியிருப்பதால் இந்தத் தாமதம் இரட்டிக்கக்கூடும்.

மும்பைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தொலைவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு முறை போய்வரக் குறைந்தது 10 மில்லிவிநாடி. ஒவ்வொரு பதிவுக்கும் இவ்வளவு காத்திருந்தால் சந்தை நடத்த முடியாது. எனவே மும்பையிலிருந்து இயங்கும் தேசியப் பங்குச் சந்தையின் பேரிடர் மாற்று மையம் சென்னையில் இருந்தாலும், தரவு இழப்பே கூடாது என்ற தேவைக்கு முதன்மை மையத்தின் அருகிலேயே இன்னொரு மையமும் வேண்டியிருக்கிறது. தொலைவிலுள்ள மையத்துக்கு நகல் சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேரும்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஒத்திசைந்த இரு சேமிப்பகங்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்துவிட்டது. முதன்மைச் சேமிப்பகத்துக்குத் தெரிவது ஒன்றுதான்: எதிர்முனை பதில் சொல்லவில்லை. எதிர்முனை செத்துவிட்டதா, நடுவில் கம்பி போய்விட்டதா என்று பிரித்தறிய அதனிடம் வழி இல்லை.

1. தனியாகத் தொடரலாம். ஆனால் எதிர்முனையும் இதையே முடிவுசெய்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே எழுதத் தொடங்கும். ஒரே கணக்குக்கு இரண்டு உண்மைகள். இணைப்பு திரும்பிய பின் எதை நம்புவது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு 'ஸ்பிளிட் பிரெய்ன்' என்று பெயர், பிளந்த மூளை.
2. நிறுத்தலாம். தரவு பாதுகாப்பாக இருக்கும். நன்றாக இயங்கும் வட்டு பக்கத்திலேயே இருந்தும் சர்வருக்குப் பதில் வராது.
3. மூன்றாம் இடத்தில் ஒரு நடுவரை வைத்து, அவர் யாரைத் தொடரச் சொல்கிறாரோ அவர் மட்டும் தொடரலாம். நடுவருக்குப் போகும் பாதையும் இதே கம்பித் தடத்தில் இருந்தால் பயன் குறைவு.

வெளியே போன இணைப்பு உள்ளேயிருக்கும் வட்டை மறைக்க முடிவது இந்த முடிச்சினால்தான். கம்பி எதையும் உடைக்கவில்லை; யார் தொடர்வது என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தைக் கொண்டுவந்து வைத்தது. இணைப்பு என்றாவது போகும் என்பதை எல்லா வடிவமைப்பாளர்களும் எதிர்பார்த்தே கட்டுகிறார்கள். 'எதிர்பாராதது' அதற்குப் பிறகு சேமிப்பகம் எடுத்த நிலை. இரண்டு நிறுவனங்களிடமிருந்து இணைப்பு வாங்கியும் இரண்டும் ஒரே நாளில் சிக்கலானது தனிப் பாடம்: ரசீது இரண்டாக இருப்பதும் மண்ணுக்குள் பாதை இரண்டாக இருப்பதும் ஒன்றாகாது.

சந்தை விளக்கம் வெளியிட்ட அதே 2021 மார்ச் மாதம், பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி சந்தை நிறுவனங்களுக்கான விதியை இறுக்கியது. முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். சரிசெய்துவிடலாம் என்று பொறியாளர்கள் மணிக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பதைத் தடுக்கும் விதி இது. நல்ல விதி.

ஈதர்நெட்டில் அதே பொய்

ஃபைபர் சேனலுக்குத் தனி அட்டை, தனி ஸ்விட்ச், தனி ஆள் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஈதர்நெட்டில் ஸ்கஸி கட்டளைகளை டிசிபி பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பினால் என்ன என்ற எண்ணம் 2004இல் 'ஐஸ்கஸி' தரநிலையாக வந்தது. தொலைந்ததை டிசிபி மீட்டுத்தரும். நடுத்தர நிறுவனங்களுக்கு இது போதும். அலுவலகப் போக்குவரத்தோடு கலக்காமல் தனி வலையமைப்பில் வைக்க வேண்டும் என்பதே முதல் விதி, அதைத்தான் முதலில் மீறுவார்கள்.

ஃபைபர் சேனலை அப்படியே ஈதர்நெட்டில் ஏற்றும் எஃப்சிஓஇ 2009 வாக்கில் பெரும் ஆரவாரத்தோடு வந்தது. பொட்டலத்தைக் கீழே போடாத சிறப்பு ஈதர்நெட் தேவைப்பட்டதால், மிச்சமாகும் என்று சொன்ன பணம் மிச்சமாகவில்லை. சர்வர் பெட்டிகளுக்குள் சில இடங்களில் தங்கிவிட்டது. புதியவர் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிட வேண்டியது, ஃபிளாஷ் நினைவகத்துக்கென வந்த புதிய கட்டளை மொழியான என்விஎம்இயில். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வட்டில், தேவையான இடம் ஊசியின் கீழ் வரவே சராசரியாக 4 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். அந்தக் காலத்தில் வலையமைப்பின் தாமதம் யார் கண்ணுக்கும் படவில்லை. ஃபிளாஷ் நினைவகம் ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடியில் பதில் சொல்லத் தொடங்கியதும் ஸ்கஸியின் வரிசைமுறையே பாரமானது. ஒப்பிட, சாதாரணக் கணினிகளில் இருக்கும் பழைய சாட்டா வகை வட்டுகளின் முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011இல் வந்த என்விஎம்இ 65,535 வரிசைகளை, ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள் வரை அனுமதிக்கிறது. செயலியின் ஒவ்வொரு 'கோர்' பகுதிக்கும் சொந்த வரிசை தரலாம். யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். 2016இல் இதை வலையமைப்பில் நீட்டினார்கள். 2018இல் சாதாரண டிசிபியிலும் ஓடும் வடிவம் வந்தது. ஃபைபர் சேனல் கம்பியிலும் இது ஓடும். கட்டளை மொழி மாறினாலும் ஸோனிங், பல பாதைகள், இரண்டு ஃபேப்ரிக் ஆகியவை அப்படியே நிற்கின்றன.

மடிக்கணினியில் ஒரு தரவு மையம்

ஃபைபர் சேனல் கருவிகளை வீட்டில் வைத்துப் பழகுவது கடினம். ஆனால் கருத்துகளில் பெரும்பகுதியை ஐஸ்கஸி கொண்டு, ஒரு மடிக்கணினியில் சில மெய்நிகர் லினக்ஸ் கணினிகளை ஓட்டியே கற்கலாம். சான்றிதழ் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்வது உத்தமம்.

1. முதல் கணினியைச் சேமிப்பகமாக்கவும். டார்கெட்சிஎல்ஐ என்ற இலவசக் கருவியால் 5 ஜிபி கோப்பு ஒன்றை லன்னாக வெளியிடலாம். எந்தச் சர்வருக்கு அனுமதி என்பதையும் அங்கேயே எழுத வேண்டும், அதுதான் மாஸ்கிங்.
2. இரண்டாவது கணினியைச் சர்வராக்கி, இரண்டுக்கும் இடையே தனித்தனியாக இரண்டு மெய்நிகர் வலையமைப்புகளை வைக்கவும். ஏ, பி.
3. இரண்டு வழியாகவும் உள்நுழையவும். இரண்டு வட்டுகள் தெரியும். இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் பார்க்கவும். பிறகு மல்டிபாத்தை நிறுவி, அவை ஒன்றாவதைப் பார்க்கவும்.
4. இடைவிடாமல் எழுதும் ஒரு நிரலை ஓடவிட்டு, ஏ வலையமைப்பைத் துண்டிக்கவும். எத்தனை விநாடி தடங்கல் என்று குறித்துக்கொள்ளவும். அமைப்புக் கோப்பில் காலக்கெடுவை மாற்றி மீண்டும் செய்யவும். லினக்ஸின் ஐஸ்கஸியில் ஓர் இயல்பு மதிப்பு 120 விநாடி. அதை மாற்றாமல் விட்டால் என்ன ஆகிறது என்பதை அனுபவித்துவிடுவது நல்லது.
5. இரண்டு பாதைகளையும் துண்டிக்கவும். நிரல் பிழை சொல்கிறதா, உறைந்து நிற்கிறதா? ஏன் அப்படி?
6. மூன்றாவது கணினிக்கும் அதே லன்னைக் காட்டி, இரண்டிலும் சாதாரணக் கோப்பு முறையாக ஏற்றி எழுதவும். இரண்டு கொத்தனார்கள் கட்டிய வீட்டைப் பார்வையிடவும்.
7. கடைசியாக டிஆர்பிடி என்ற இலவச மென்பொருள். இரண்டு கணினிகளின் வட்டுகளை ஒத்திசைந்த நகலாக்கி, நடுவிலுள்ள இணைப்பைத் துண்டிக்கவும். சிறப்பு ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் முதன்மைப் பக்கம் தனியாகத் தொடரும். துண்டித்த நிலையிலேயே மறுபக்கத்தையும் முதன்மையாக்கி, இரண்டிலும் ஏதாவது எழுதிவிட்டு இணைப்பைத் திருப்பித் தரவும். பிளந்த மூளையைக் கண்டதாகப் பதிவேட்டில் ஒரு வரி விழும், இணைப்பு மீண்டும் துண்டிக்கப்படும். எந்தப் பக்கத்தின் தரவைத் தூக்கியெறிவது என்று இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும்.